ஈ-டி என்று முடிந்தாலே இறந்தகால வினையா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் ஆறாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளுக்கு ஆங்கிலப் பரீட்சையில் நாலு வாக்கியம் கொடுத்து, ரெகுலர் பாஸ்ட் டென்ஸ் வெர்ப்களுக்கு அடிக்கோடு போடச் சொன்னார்கள். ஈ-டி என்ற இரண்டு எழுத்தில் முடிந்த ஒன்பது சொல்லுக்கும் அவள் கோடு போட்டாள். டீச்சர் நாலுக்கு மட்டும் மார்க் போட்டு, மீதி ஐந்தைச் சுழித்துவிட்டார். "ஈ-டி வந்தால் பாஸ்ட் டென்ஸ் என்றுதானே நாங்களும் படித்தோம், இப்போது மாற்றிவிட்டார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் மாற்றவில்லை. ரெகுலர் வினை இறந்தகாலத்தில் ஈ-டி பெறும் என்பது அன்றும் விதி, இன்றும் விதி. ஈ-டி வைத்திருப்பதெல்லாம் ரெகுலர் இறந்தகாலம் என்று யாரும் விதி செய்யவில்லை. நாமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டது அது. ஆக, ஈ-டி கண்ணில் பட்ட பிறகு எதை வைத்து உறுதி செய்வது என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

அதே மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில் தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். மொழியியல் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. எந்த விளக்கம் வகுப்பில் பிள்ளைகள் மனதில் நிற்கும், எது மணி அடித்ததும் பறந்துவிடும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ஈ-டி விஷயத்தில் நான் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான்: நம் ஊர்க் கடைவீதியில் பொள்ளாச்சியில் பதிவான டி.என். 41 நம்பர் வண்டி எத்தனை ஓடுகிறது? அதில் வருகிறவர்கள் எல்லாரும் பொள்ளாச்சிக்காரர்களா? நம்பரைப் பார்த்துச் சந்தேகப்படலாம், ஆளை விசாரிக்காமல் முடிவு கட்டக்கூடாது. அந்த விசாரணையை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய வாக்கியங்களையே எடுத்துக்கொள்வோம். முதலாவது, "மை அங்கிள் ப்ளான்டட் எ ஹண்ட்ரட் கோகனட் ட்ரீஸ்". இரண்டாவது, "ஹி ஃபெட் தி கவ்ஸ் அண்ட் வாஷ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ்". மூன்றாவது, "வி நீட் ரெயின், ஹி செட்". நாலாவது, "ஹி வாஸ் டயர்ட், ஸோ ஹி ஸ்டாப்ட் அட் எ டீ ஷாப் அண்ட் ஆர்டர்ட் எ பாயில்ட் எக்". இதில் சரியான விடை ப்ளான்டட், வாஷ்ட், ஸ்டாப்ட், ஆர்டர்ட் ஆகிய நாலுதான். டீச்சர் திருத்தியதில் தவறில்லை. வினாத்தாள் போட்டவர் யோசித்துத்தான் போட்டிருக்கிறார். ஐந்து பொறியும் ஐந்து வகை.

விசாரணைக்கு இரண்டு கேள்வி போதும். சந்தேகப்பட்ட சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "டிட் நாட்" வைத்து, அதன் பின்னால் அந்தச் சொல்லின் மூல வடிவத்தைப் போட்டு வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வாக்கியம் நிற்கிறதா என்பது முதல் கேள்வி. நின்றால், டிட் நாட்டுக்குப் பின்னால் மிஞ்சிய சொல்லோடு ஈ-டி சேர்த்தால் பழைய சொல் அப்படியே திரும்பி வருகிறதா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்றால் கோடு போடலாம். "ஹி டிட் நாட் வாஷ் ஹிஸ் ஹேண்ட்ஸ்" நிற்கிறது. வாஷோடு ஈ-டி சேர்த்தால் வாஷ்ட் வருகிறது. முடிந்தது.

இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் மகளுக்கு மறக்காது. தமிழிலும் இதே காரியம் நடக்கிறது. "நடந்தான்" என்பதில் காலம் காட்டும் எழுத்து இருக்கிறது. எதிர்மறையாக்கினால் "நடக்கவில்லை" ஆகிவிடுகிறது. காலம் காட்டிய துண்டு கழன்று போய்விட்டது. ஆங்கிலத்தில் அது கழன்று "டிட்" மேல் ஏறிக்கொள்கிறது. காலத்தை ஒரே இடத்தில்தான் காட்டுவார்கள். டிட் சுமந்துவிட்டால் வினை வெறுங்கையோடு நிற்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் சர்வ சாதாரணமாக எழுதும் "டிட் நாட் வென்ட்" ஏன் தப்பு என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

இப்போது சுழித்த ஐந்தைப் பார்க்கலாம். "ஹண்ட்ரட்" எண்ணுப்பெயர், "எ டிட் நாட் ஹண்டர்" என்று படித்துப் பார்த்தால் வகுப்பே சிரிக்கும், அந்தச் சிரிப்பே போதுமான விடை. "பாயில்ட் எக்" என்பதும் அப்படித்தான். முட்டைக்கு முன்னால் நின்று எப்படிப்பட்ட முட்டை என்று சொல்லும் சொல் அது. நம் இலக்கணத்தில் சொன்னால் அவித்த முட்டை என்பதில் வரும் "அவித்த" மாதிரி, பெயரெச்சம். "அவித்த" என்பதில் இறந்தகாலச் சாயல் இருக்கிறதே என்று பிள்ளை கேட்டால், கேட்டது நல்ல கேள்வி என்று சொல்லுங்கள். சாயல் இருக்கிறது. ஆனால் வாக்கியத்தை முடிக்கும் வினை அது இல்லை. பரீட்சையில் கேட்டது வாக்கியத்துக்குக் காலம் கொடுக்கும் வினையை.

"ஹி வாஸ் டயர்ட்" கொஞ்சம் நுணுக்கமானது. அங்கே இறந்தகாலத்தை "வாஸ்" ஏற்கெனவே தூக்கிக்கொண்டு நிற்கிறது. டயர்ட் அவன் இருந்த நிலையைச் சொல்கிறது. இதற்கு வகுப்பில் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன்: ஈ-டி சொல்லுக்குச் சற்று முன்னால் ஈஸ், ஆர், வாஸ், வேர், பீன், ஹேஸ், ஹேவ், ஹேட் இவற்றில் ஏதாவது நிற்கிறதா என்று பார். நின்றால் கோடு போடாதே. நடுவில் "நாட்", "ஆல்ரெடி", "நெவர்" போன்ற ஒரு சொல் புகுந்திருக்கலாம், அதையும் தாண்டிப் பார். ஆறாம் வகுப்புப் பரீட்சை அளவுக்கு இந்தக் குறுக்குவழி கைவிட்டு நான் பார்த்ததில்லை.

"நீட்" என்ற சொல்லில்தான் முதல் கேள்வி நம்மை ஏமாற்றப் பார்க்கும். "வி டிட் நாட் நீட் ரெயின்" என்று வைத்தால் வாக்கியம் நிற்கிறது. ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். டிட் நாட் வந்த பிறகும் நீட் அப்படியே இருக்கிறது, எதுவும் கழலவில்லை. அப்படியானால் அதன் கடைசி ஈ-டி ஒட்டு இல்லை, சொல்லின் சொந்த உடம்பு. இதற்கு இறந்தகாலம் வேண்டுமென்றால் இன்னொரு ஈ-டி சேர்த்து நீடட் என்று எழுத வேண்டும். விதை என்ற பொருளில் வரும் சீட், வேகம் என்ற ஸ்பீட், படுக்கை என்ற பெட் எல்லாம் இந்தக் கூட்டம்.

ஐந்திலும் எனக்குப் பிடித்த பொறி "ஃபெட்". இது இறந்தகாலம்தான். ஈ-டியிலும் முடிகிறது. இருந்தும் ரெகுலர் இல்லை. "ஹி டிட் நாட் ஃபீட் தி கவ்ஸ்" என்பது அழகாக நிற்கிறது. ஆனால் ஃபீட் என்பதோடு ஈ-டி சேர்த்தால் ஃபீடட் வர வேண்டும், ஃபெட் வராது. இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம்: ஃபெட்டிலிருந்து ஈ-டியைக் கழற்றினால் எஃப் என்ற ஒற்றை எழுத்துதான் மிஞ்சும். அது ஒரு வினையா? உள்ளே இருந்த உயிரோசை குறுகியதால் வந்த இறந்தகாலம் அது. ஈ-டி தற்செயலாக அமைந்தது. இரத்தம் கசிந்தது என்ற ப்ளெட், வழிநடத்தினான் என்ற லெட், வளர்த்தான் என்ற ப்ரெட் எல்லாம் இதே குடும்பம். இந்தச் சின்னச் சின்னச் சொற்களை ஒரு தாளில் எழுதி அவள் நோட்டில் ஒட்டிவிடுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் சறுக்குவது இங்கேதான்.

காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓரளவுக்கு முடியும். ஒரே ஈ-டிக்கு மூன்று ஒலி உண்டு. இது உறுதியான விஷயம். மூல வினை டீ (T) அல்லது டி (D) என்ற எழுத்தின் ஒலியில் முடிந்தால் மட்டும் ஈ-டி தனி அசையாக ஒலிக்கும்: வான்டட், ப்ளான்டட், நீடட். ஒரே மாதிரியான இரண்டு ஒலியை ஒட்டிச் சொல்ல வாய் வராது, அதனால் நடுவில் ஓர் உயிர் புகுகிறது. மற்ற இடங்களில் அசை கூடாது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு மூல வினையின் கடைசி ஒலியைச் சொன்னால், அதிர்வு இல்லாதபோது வல்லினமாகவும் (வாஷ்ட், ஜம்ப்ட், குக்ட், லாஃப்ட்), அதிர்வு இருக்கும்போது மெல்ல அமுங்கியும் (க்ளீன்ட், கால்ட், ப்ளேட்) வரும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் "ட்" ஒன்றுதான் என்பதால், நான் இங்கே எழுதிக் காட்டியதில் இந்த வேறுபாடு தெரியாது. கேட்டுத்தான் பழக வேண்டும். "வாஷெட்", "குக்கெட்" என்று நம் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஓர் அசை கூட்டிப் படிப்பது எழுத்தைப் பார்த்துப் படிக்கும் பழக்கம். அதற்காகக் கையை நீட்டச் சொல்ல வேண்டாம், கேட்கக் கேட்கச் சரியாகிவிடும்.

ஆனால் அடையாளம் காணும் வேலைக்குக் காதை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். "வி வாக்ட் டு ஸ்கூல்" என்று வேகமாகச் சொன்னால் வாக்டின் கடைசி ஒலி அடுத்த சொல்லில் கரைந்துவிடும். இன்னொரு பக்கம் கெப்ட், ஸ்லெப்ட், ஃபெல்ட், சென்ட் எல்லாம் கேட்க ரெகுலர் மாதிரியே ஒலிக்கும், ஆனால் ரெகுலர் இல்லை. மூலம் கீப், அதோடு ஈ-டி சேர்த்தால் கீப்ட் ஆகியிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, பொல்லாத என்ற பொருளில் வரும் "விக்கட்" ஈ-டியில் முடியும் பெயரடை. கிரிக்கெட்டில் விழும் விக்கெட் ஈ-டீயில் முடியும் பெயர். தமிழில் எழுதினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. இந்தக் கோடு போடும் கேள்விக்குக் கண் முதலில், காது பிறகு.

கண்ணால் பார்க்கும்போது ஈ-டியைக் கழற்றத் தெரிய வேண்டும், அங்கே எழுத்துக்கூட்டல் சில இடங்களில் வழிமறிக்கும். மூலம் ஏற்கெனவே ஈயில் முடிந்தால் டி மட்டும்தான் சேரும். மெய்யெழுத்துக்குப் பின்னால் வொய் இருந்தால் அது ஐ ஆகிவிடும். கேரி, ஸ்டடி, க்ரை எல்லாம் அப்படி. ப்ளே என்பதில் வொய்க்கு முன்னால் ஏ என்ற உயிர் நிற்பதால் வொய் அப்படியே இருக்கும். ஆனால் ஐ-ஈ-டி என்று முடிவதெல்லாம் வொய்யிலிருந்து வந்தது என்று நினைத்துவிடக்கூடாது. செத்துப்போ என்ற டை, பொய் சொல் என்ற லை இரண்டும் முதலிலேயே ஐ-ஈ உள்ளவை. ஸ்டாப், ப்ளான் போன்ற குறுஞ்சொற்களில் கடைசி மெய் இரட்டிக்கும், அதனால் ஸ்டாப்டில் இரண்டு பி இருக்கும். நம்பினான் என்ற ஹோப்டில் ஒரு பி, நொண்டியடித்துத் தாண்டினான் என்ற ஹாப்டில் இரண்டு பி. அந்த ஒரு பி-யில் பொருளே மாறிவிடுகிறது. ஈரசைச் சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் இரட்டிக்கும் (ப்ரிஃபர், பெர்மிட்), முதல் அசையில் விழுந்தால் இரட்டிக்காது (விசிட், ஓப்பன்). ட்ராவல் போன்றவற்றில் மட்டும் பிரிட்டிஷ் வழக்கில் இரண்டு எல், அமெரிக்க வழக்கில் ஒரு எல், இரண்டும் சரி.

ரெகுலர் இல்லாதவற்றுக்கு என்ன செய்வது? மனப்பாடம்தான், வேறு வழி கிடையாது. ஆனால் பயப்படுகிற அளவுக்கு அது பெரிய கூட்டம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இர்ரெகுலராக இருந்த 177 வினைகளை எடுத்து ஆராய்ந்து 2007-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் இன்றுவரை இர்ரெகுலராகவே நிற்பவை 98. மீதி எல்லாம் காலப்போக்கில் ஈ-டிக்கு மாறிவிட்டன. உதவினான் என்பதற்கு ஒரு காலத்தில் ஹோல்ப் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான் இன்று ஹெல்ப்ட் என்கிறார்கள். தினமும் நூறு தடவை வாயில் புழங்குகிற பீ, ஹேவ், டூ, கோ, சே, டேக் போன்றவை தேயாமல் தப்பித்தன. அரிதாகப் புழங்கியவை விதிக்குள் வந்து விழுந்தன. புதிதாகப் பிறக்கும் வினைகளும் பெரும்பாலும் ஈ-டியைத்தான் எடுக்கும், கூகுள்ட், டெக்ஸ்டட் என்பது மாதிரி. ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958-இல், இல்லாத வினைகளை இட்டுக்கட்டிச் சின்னக் குழந்தைகளிடம் இறந்தகாலம் கேட்டபோது, கேட்டறியாத சொல்லுக்கும் அவர்கள் ஈ-டி ஒலியை ஒட்டிச் சொன்னார்கள். ஆகவே உங்கள் மகள் எப்போதாவது "கோட்" என்று கோ-வோடு டி சேர்த்துச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். விதி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். வென்ட் பின்னால் வரும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருவது ஆளுக்கு ஆள் மாறுபடும் இடங்கள். பே, லே இரண்டின் இறந்தகாலமும் காதுக்கு நூற்றுக்கு நூறு ரெகுலர், எழுத்தில் ஏ-ஐ-டி என்று முடிவதால் மட்டும் பெரும்பாலான பட்டியல்களில் இர்ரெகுலர் வரிசையில் இருக்கின்றன. பரீட்சையில் அவற்றுக்குக் கோடு போடாமல் விடுவதே பத்திரம். லேர்ன், பர்ன், ஸ்பெல் போன்றவற்றுக்கு ஈ-டி வடிவமும் உண்டு, டீ மட்டும் வருகிற வடிவமும் உண்டு. இரண்டும் நல்ல ஆங்கிலம். ஈ-டியோடு எழுதியிருந்தால் ரெகுலர் என்று எடுத்துக்கொள்ளலாம்; டீயோடு இருந்தால் நானாக இருந்தால் ரெகுலரில் சேர்க்கமாட்டேன், சேர்க்கிற ஆசிரியர்களும் உண்டு.

பெரிய குழப்பம் கேள்வியின் வார்த்தைகளில் வரும். "ரெகுலர் வெர்ப்களுக்குக் கோடு போடு" என்று மட்டும் கேட்டிருந்தால், "ஹி ஹேஸ் வாஷ்ட்" என்பதில் வரும் வாஷ்டுக்கும் கோடு போடலாம். வாஷ் எங்கே வந்தாலும் ரெகுலர் வினைதான். "பாஸ்ட் டென்ஸ்" என்ற சொல் கேள்வியில் இருந்தால் அது வெளியே போய்விடும். மேல் வகுப்புகளில் இன்னொன்றும் வரும்: "தி லெட்டர் போஸ்டட் யெஸ்டர்டே ரீச்ட் சித்தூர் டுடே". நேற்று போட்ட கடிதம் இன்று சித்தூர் போய்ச் சேர்ந்தது. முன்னால் வாஸும் இல்லை, ஹேஸும் இல்லை. யெஸ்டர்டே வேறு பக்கத்திலேயே நிற்கிறது. ஆனாலும் போஸ்டட் "போட்ட" என்கிற பெயரெச்ச வேலையைத்தான் செய்கிறது. வாக்கியத்தின் வினை ரீச்ட். என் குறுக்குவழி இங்கே உதவாது, டிட் நாட் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஆறாம் வகுப்பில் இதைக் கேட்கமாட்டார்கள், கேட்டால் அநியாயம்.

கடைசியாக, வீட்டில் அம்மா மலையாள மீடியத்தில் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அது உங்களுக்கு வசதி. தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு நடந்தேன், நடந்தான், நடந்தார்கள் என்று ஆளுக்கு ஆள் வினை மாறியே பழக்கம். ஐ, ஹி, தே எல்லாவற்றுக்கும் வாக்ட் ஒன்றுதானா என்று அது தயங்கும். ஞான் போயி, அவன் போயி, அவர் போயி என்று தெருவில் தினமும் கேட்கிற பிள்ளைக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. அம்மாவை இதைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். மார்க்குக்காக டீச்சரிடம் போக வேண்டாம், திருத்தியது சரி. போவதானால், இனி இந்தக் கேள்வியில் பே, லே இரண்டையும் எந்தக் கணக்கில் வைப்பார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.